செல்வமலர் பார்த்த மூன்று தீவுகள்

என் மனைவி செல்வமலர் ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் நிலையம் ஒன்றில் இருபத்திமூன்று ஆண்டுகள் வேலை செய்தாள். இயந்திரம் வாசிக்க முடியாமல் ஒதுக்கிவிடும் கடிதங்கள் அவளுடைய மேசைக்கு வரும். மழையில் கரைந்த மை, நடுங்கும் கை எழுதிய தெருப்பெயர், அஞ்சல் எண்ணே இல்லாமல் ஊரை மட்டும் கிறுக்கிய உறை. ஒரு தரம் பார்ப்பாள், எண்ணைத் தட்டுவாள், அடுத்ததை எடுப்பாள். நோர்வேயின் அஞ்சல் எண்களில் பெரும்பகுதி அவளுக்கு மனப்பாடம். பக்கத்து நகரமான திராமனுக்குக் காரில் போனால் வழியில் வரும் பெயர்ப்பலகைகளுக்கெல்லாம் எண் சொல்லிக்கொண்டு வருவாள். 9950 என்றால் வார்டோ. வடகோடியில் உள்ள அந்த ஊரின் மீன் தொழிற்சாலையில்தான் கலியாணமான புதிதில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். “அந்த நம்பர் வந்தால் கடிதத்தை நுனிவிரலாலைதான் பிடிப்பன். இப்பவும் மீன் மணக்குது” என்பாள்.

சென்ற நவம்பரில் மூளையில் இரத்தம் கசிந்து, இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்து, இறந்துபோனாள். வயது அறுபத்தொன்று. இறுதி நிகழ்வில் பேசியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள். கண்பார்வை போன பிறகும் அவளுடைய முகத்தில் சிரிப்பு மாறவில்லையாம். நான் முன்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கண்பார்வை போகவில்லை. குறைந்திருந்தது, அவ்வளவுதான். போய்விட்டது என்று நம்பிக்கொண்டு அவள் தன் கடைசி இரண்டரை ஆண்டுகளை வாழ்ந்தாள். அப்படி நம்பவைத்தவன் நான். அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கிழமை நாட்களில் நான் ஒரு பாடசாலையின் கட்டடப் பராமரிப்பாளன். சனிக்கிழமைகளில் அறிவிப்பாளன். ஒஸ்லோவிலும் சுற்றுவட்டத்திலும் தமிழர் வீட்டுக் கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு, அரங்கேற்றம், ஐம்பதாவது பிறந்தநாள் என்று எந்த மண்டபத்தில் எது நடந்தாலும் ஒலிவாங்கியைப் பிடிக்க ஞானரட்ணத்தைக் கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவன், குரல் பரவாயில்லை. அதைவிட, எனக்குச் சமாளிக்கத் தெரியும். மாப்பிள்ளையின் தகப்பன் கோபித்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்றால், வாசலில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருக்கிறார் என்பேன். ஆடும் பிள்ளை அடவை மறந்து நடுமேடையில் நின்றுவிட்டால், ஒரு கணம் அம்பாளை நினைத்து நிற்கிறாள் என்பேன், சபை கைதட்டும். மேடையில் ஒருவரும் வெட்கப்படக் கூடாது. ஒரு குறை, குறையென்று சபைக்கு விளங்குமுன் அதன்மேல் ஒரு நல்ல வசனத்தைப் போட்டு மூடிவிட வேண்டும். முப்பது வருடப் பழக்கத்தில் அது யோசித்துச் செய்யும் காரியமாகவே இல்லாமல் போய்விட்டது.

செல்வமலர் அதைப் பகிடி பண்ணுவாள். “மண்டபத்திலை கரண்ட் நிண்டால், இருட்டு என்ன வடிவாயிருக்கு எண்டு சொல்லுவார் இந்த மனிசன்.”

நோர்வேக்காரர் விடுமுறையில் போகும் இடத்திலிருந்து வேலைத்தலத்துக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்புவார்கள். அது சாப்பாட்டு அறையின் பலகையில் குத்தப்பட்டிருக்கும். 2011 ஆம் ஆண்டு, அவளோடு வேலை செய்த லூக்காஸ் என்பவன் ஜப்பானிலிருந்து ஒன்று அனுப்பினான். மலைச்சரிவில் ஒரு பூங்கா. சரிவின் விளிம்பில் பலகை பதித்த அகன்ற பார்வைத் தளம், அதைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் மரக் கைபிடி. ஓரத்தில் ஒரு செரி மரம் பூத்திருந்தது. கீழே கடல். கடலில் மூன்று தீவுகள். மூன்றிலும் சிறியதில் ஒரு வெளிச்சவீடு, தீக்குச்சியளவு. பலகையில் மற்ற அட்டைகள் வருவதும் போவதுமாக இருந்தன. அதை மட்டும் செல்வமலர் ஒருவரையும் கழற்ற விடவில்லை. சில வருடங்களுக்குப் பிறகு லூக்காஸ் தானே அதைக் கழற்றி, இனி இது உனக்குத்தான் என்று கொடுத்துவிட்டான்.

ஒருநாள் அவன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அந்த இடத்தைப் பற்றிக் கேட்டாள். அங்கே போய் நின்றதும் ஒருமணி நேரம் ஒருவரோடும் பேசத் தோன்றவில்லை என்று அவன் நோர்வே மொழியில் சொன்னான். அவள் என் பக்கம் திரும்பி, “கேட்டனீங்களோ? அங்கை போனால் கதை நிண்டிடுமாம். உங்களைத்தான் முதல் கூட்டிக்கொண்டு போகோணும்” என்றாள். நானும் சிரித்தேன்.

2015 இல் மேசையின் இடப்பக்கம் இருக்கும் கடிதக் கட்டுகளை அவள் தட்டிவிழுத்தத் தொடங்கினாள். பிறகு வீட்டில் கதவு நிலைகளில் தோள் முட்டியது. கண் மருத்துவர் விழித்திரை நோய் என்றார். பிறப்பிலேயே உடலில் இருந்து பிந்தி வெளிப்படுவது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும், குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் ஆகும். நடுப்பகுதி மட்டும் நெடுங்காலம் தெளிவாக இருக்கலாம். இன்னொன்றும் சொன்னார். இந்த நோயுள்ள சிலருக்கு வெளிச்சம் ஒத்துவராது. வெயிலடிக்கும் திறந்த வெளியில், தூரத்தில் உள்ளது ஒருநாள் அப்படியே வெளுத்துப்போகலாம்.

ஐந்தாம் இலக்கத் தொடருந்தில், எங்கள் வீடு இருக்கும் வெஸ்ட்லிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடைசித் தரிப்பிடம், நெடுந்தூரம். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

“எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். வெளுக்க முதல் அந்தப் பூங்காவிலை ஒருக்கா நிண்டு பாக்கோணும்.”

“போவம். வாற சித்திரைக்கே போவம்” என்றேன்.

செரி பூப்பது பங்குனிக் கடைசியிலும் சித்திரை முற்பகுதியிலும். எங்கள் மண்டபங்கள் நிரம்பி வழிவதும் அந்தக் காலத்தில்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்பே திகதி எடுத்துவிடுவார்கள், எடுத்த கையோடு எனக்குத் தொலைபேசி வரும். 2016 இல் ஸ்தவாங்கரில் ஒரு சாமத்திய வீடு. எங்கள் மகள் ஆரபியின் விழாவைச் சொல்லித்தான் நான் வாதாடினேன்.

“எங்கட ஆரபியின்ர சாமத்திய வீட்டுக்கு அவை எட்டு மணித்தியாலம் கார் ஓடி வந்தவை. நாங்கள் போகாட்டி என்ன நினைப்பினம்?”

“போக வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. மைக்கைப் பிடிக்க வேறை ஒருத்தரும் இல்லையோ எண்டுதான் கேட்டனான்.”

“சொல் குடுத்திட்டன், செல்வம்.”

“சரி. சனிக்கிழமை இல்லாத கிழமை ஒண்டு வந்தால் சொல்லுங்கோ.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நான் மேடைக்குப் போடும் சேர்ட்டை இஸ்திரி போட்டு மினுக்கினாள். அடுத்த வருடம் ஒரு அரங்கேற்றம். அதற்கடுத்த வருடம் இரண்டு கலியாணம். 2019 இல் பயணச்சீட்டு எடுக்கும் அளவுக்கு வந்து, நெருங்கிய சிநேகிதனின் அறுபதாம் பிறந்தநாள் என்று விட்டுவிட்டேன். பிறகு தொற்றுநோய் வந்து உலகத்தை மூடியது. 2022 இல் உலகம் திறந்தபோது, தள்ளிப்போட்டிருந்த விழாக்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஏழு சித்திரை மாதங்கள் போயின. ஒவ்வொன்றும் அவளுடைய கண்ணில் ஓரத்திலிருந்து ஒரு கீற்றைக் கொண்டுபோனது. வேலையை விட்டாள். பின்னேரங்களில் வெள்ளைத் தடி எடுக்கத் தொடங்கினாள். ஆனால் நடுப்பார்வை இருந்தது. தொலைபேசியில் வரும் எழுத்துக்களை வாசிப்பாள், ஊசிக்கு நூல் கோர்ப்பாள், ஒன்பதாம் மாடியிலிருந்து கீழே நிற்கும் பேருந்தின் இலக்கத்தைச் சொல்வாள்.

2023 இல் ஒருவழியாகப் போனோம். அதற்கு வழி செய்தவர் எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருக்கும் கிரிதர். சென்னைக்காரர், மென்பொருள் வேலை, இங்கே வருமுன் இரண்டு வருடம் ஒசாகாவில் இருந்தவர். அஞ்சலட்டையின் பின்பக்கத்தில் இருந்த சிறிய ஜப்பானிய எழுத்துக்களை வாசித்து ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஆன்ட்டி, இது செத்தோ உள்கடல் பக்கம். ஹிரோஷிமால இறங்கி லோக்கல் ட்ரெயின் புடிச்சா நேரா போயிடலாம், ஊர் சின்னதுதான், மேல பார்க்குக்கு டாக்ஸி இருக்கு.”

“தம்பி, நீங்கள் கதைக்கிற வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்குது. லோக்கல் ட்ரெயின் எண்டால் என்னது?”

“மெதுவா போற ரயில், ஆன்ட்டி.”

“அப்ப அதைப்போலச் சொல்லுங்கோ.”

கிரிதர் ஒரு தாளில் நாள்வாரியாகத் திட்டம் எழுதிக் கொடுத்தார். மின்தூக்கியில் தனியே நின்றபோது என்னிடம் ஒன்று சொன்னார். “அங்கிள், அந்த மலைக்குக் காலைல மட்டும் போகாதீங்க. ஏப்ரல்ல கடல் மேல மூடுபனி நிக்கும். பதினோரு மணிக்கு மேல போனா கலைஞ்சிருக்கும்.” நான் தலையாட்டினேன். செல்வமலரிடம் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. அன்று என் மனம் வேறு எதிலோ இருந்தது.

திட்டத்தில் புதன்கிழமை பின்னேரம் என்று இருந்ததைக் காலையாக மாற்றியவனும் நான்தான். அந்தச் சனிக்கிழமை திராமனில் ஒரு நிகழ்ச்சிக்குச் சொல் கொடுத்திருந்தேன். கிரிதர் எழுதியபடி போனால் வெள்ளி இரவு வீடு வந்து சேர்வோம். நித்திரை போதாமல் மேடை ஏறினால் குரல் உடையும். ஆகவே விமானத்தை ஒரு நாள் முந்தி எடுத்தேன். மலைக்குக் காலை எட்டரைக்குப் போய், பத்துக்கு இறங்கி, பன்னிரண்டு மணி ரயிலைப் பிடிப்பதென்று வைத்தேன்.

அன்று நல்ல வெயில். மேலே போன வாடகைக் கார் எங்களைப் பூங்காவின் வாசலில் இறக்கியது. கல்படிகள், கத்தரித்த பைன் மரங்கள், உதிர்ந்த செரிப் பூவை ஒரு பெண் நீளமான விளக்குமாற்றால் மெல்லக் கூட்டிக்கொண்டிருந்தாள். பாதி பூ மரத்தில், பாதி நிலத்தில். செல்வமலர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். பார்வைத் தளத்தின் பலகையில் கால் பட்டதும் நின்று, வெள்ளைத் தடியை மடித்து என்னிடம் தந்தாள்.

“இதை வைச்சிருங்கோ. படத்திலை இது வேண்டாம்.”

கைபிடிவரை தனியே நடந்து போனாள். நான் தடியைப் பைக்குள் வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

கடல் இல்லை. கைபிடிக்கு அப்பால், சரிவில் இருந்த பத்துப் பன்னிரண்டு மரங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு வெள்ளை. எங்கள் தலைக்குமேல் வெயில், காலுக்குக் கீழே வெள்ளை, கண் கூசும் வெள்ளை. அடிவானம் எது, கடல் எது என்று ஒன்றும் இல்லை. ஒரு முதியவர் முக்காலியில் கமராவைப் பூட்டி அந்த வெள்ளையைத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கிரிதர் சொன்ன மூடுபனி, நாங்கள் புகார் என்பது, அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. சீ, புகார் மூடிப்போட்டுது, செல்வம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“என்ன வடிவு” என்றாள் அவள்.

நான் வாயை மூடினேன்.

“மூண்டு தீவும் தெரியுது. அந்தச் சின்னனிலை வெளிச்சவீடும்.”

கீழே எங்கேயோ ஒரு கப்பல் ஊதியது. அவள் சத்தம் வந்த பக்கம் கையை நீட்டினாள். “அந்தா, போகுது.”

அவள் காட்டிய இடத்தில் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். கண்களை நன்றாகத் திறந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், படம் எடுக்கும்போது சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. தான் காணாததைக் கண்டதாகச் சொல்கிறாள். இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்த மனிசன் மனம் நோகக்கூடாதென்று சொல்கிறாள். அதன் மறுபாதி அப்போது எனக்கு விளங்கவில்லை. அது புகார் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து மரம் தெரிகிறது, தூரம் வெளுத்திருக்கிறது, மேலே வெயில் எரிகிறது. மருத்துவர் சொன்ன நாள் வந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். புகார் என்று நான் சொன்னால் அவளுடைய பொய் வெளிப்பட்டுவிடும். அவள் வெட்கப்படுவாள்.

“ஓம்” என்றேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். “அந்த நடுத் தீவைப் பாரும், வெயில் அதிலை மட்டும் விழுந்து நிக்குது. வெளிச்சவீட்டுக்குப் பக்கத்திலை ரெண்டு வள்ளம். கரையிலை தண்ணி பச்சை, போகப் போக நீலம். படத்திலை இப்பிடி இல்லை.”

அதோடு நிறுத்தவில்லை. ஐந்து நிமிடமாவது பேசியிருப்பேன். பறவைகள் வந்தன, வலை இழுக்கும் மனிதர்கள் வந்தார்கள், தூரத்தில் நான்காவது தீவு ஒன்றும் மங்கலாக வந்தது. கமராக்காரர் திரும்பிப் பார்த்து, ஏதோ தோத்திரம் பாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், தலை குனிந்து வணங்கினார். செல்வமலர் ஒவ்வொரு வசனத்துக்கும் “ஓம்” என்றாள். அவளுடைய கை கைபிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பேசாமல் நின்றிருந்தால் அவளுக்குச் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். திரும்பி என் முகத்தைப் பார்த்திருப்பாள். அவள் சொன்ன பொய்க்கு நான் சாட்சி சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் கடலும் தீவுகளும் உண்மையாக அங்கே இருந்தன, அவளுக்கு மட்டும் தெரியாமல்.

ஒரு படம் எடுத்தேன். பிறகு அவள் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, பின்னேரம் ஒருக்கா வருவமே? வெயில் தாழ.”

“பன்ரெண்டு மணிக்கு ரெயின், செல்வம்.”

“நாளைக்கு?”

“சனிக்கிழமை திராமன் இருக்கெல்லோ.”

“ஓமோம். மறந்துபோனன்.”

கைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அதுவரை அந்தப் பயணத்தில் அவள் அதைப் போட்டதில்லை.

ரயில் நிலையத்தில் பதினொன்றரைக்கு நின்றோம். மேடையின் மறுபக்கத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவால், கடல் தெரிந்தது. நீலமாக, துடைத்ததுபோல். அதில் ஒரு தீவின் பாதியும் தெரிந்தது. செல்வமலர் அதற்கு முதுகைக் காட்டி வாங்குப் பலகையில் இருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் மூடியிருந்ததோ தெரியாது. அப்போதாவது தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கலாம். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ரயிலில் அவள் தன் பக்கத்து யன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

சனிக்கிழமை திராமன் நிகழ்ச்சி நன்றாக நடந்தது. யாருடைய பிள்ளைக்கு என்ன விழா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை.

அதற்குப் பிறகு அவள் வெயிலில் வெளியே போகவில்லை. கோடையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் நிற்கும் ஊர் இது. அந்த மாதங்களில் யன்னல் திரைகளை நாள் முழுக்க மூடி வைத்தாள். மழை பெய்தால் கடைக்குப் போவாள், முகில் மூடினால் கீழே வாங்கில் வந்து இருப்பாள். “செல்வமலரக்கா வெளியிலை நிக்கிறா, உடுப்பை உள்ளை எடுங்கோ” என்று அயலவர்கள் பகிடி விடுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நடக்கும்போது தலையை நிமிர்த்துவதில்லை, காலடியை மட்டும் பார்ப்பாள். நோயின் அடுத்த படி இது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கண் மருத்துவர் அந்த வருடம் சோதித்துவிட்டு, சென்ற தடவைக்கும் இப்போதைக்கும் மாற்றமில்லை, நடுப்பார்வை நன்றாக இருக்கிறது என்றார். வெளியே வந்ததும் நான் சந்தோசப்பட்டேன். அவள் சொன்னாள்:

“இருட்டறைக்குள்ளை வைச்சுத்தானே பாக்கினம். வெயிலுக்குள்ளை கொண்டுபோய்ப் பாக்கினமோ?”

அதற்கடுத்த சோதனைகளுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். ஸ்தவாங்கரில் பொறியியலாளராக வேலை செய்யும் எங்கள் மகள் ஆரபி, அங்கே வந்து கடலோரம் ஒரு கிழமை நிற்கும்படி இரண்டு கோடை கூப்பிட்டாள். “நான் பாக்கிறதெல்லாம் பாத்திட்டன் பிள்ளை” என்று மறுத்தாள்.

ஒருமுறை கிரிதர் வந்து பயணம் எப்படி என்று கேட்டார். நான் சமையலறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் சொல்வது கேட்டது. நடுத் தீவிலை மட்டும் வெயில் விழுந்து நிண்டது தம்பி. கரையிலை தண்ணி பச்சை, போகப் போக நீலம். ரெண்டு வள்ளம். என் வசனங்கள், ஒன்றும் பிசகாமல்.

“லக்கி ஆன்ட்டி நீங்க” என்றார் கிரிதர்.

“ஓம், தம்பி” என்றாள்.

நான் தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் அதைச் சந்தோசமாக நினைவில் வைத்திருக்கிறாள் என்று அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு ஆரபி தாயின் உடுப்புகளை அடுக்குவதற்காக ஒரு கிழமை வந்து நின்றாள். மூன்றாம் நாள், அலுமாரிக்கு முன்னால் நிலத்தில் இருந்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அம்மா ஜப்பானிலை ஒண்டும் பாக்கேல்லை. உங்களுக்குத் தெரியுமோ அப்பா?”

“ஆர் சொன்னது?”

“அவதான். வந்த கையோடை எனக்குப் போன் எடுத்துச் சொன்னவ. அங்கை போய் நிண்டால் முழுக்க வெள்ளையாம். முதல் கொஞ்சம் சந்தேகமாம், புகாரோ எண்டு. நீங்கள் பக்கத்திலை நிண்டு ஒவ்வொண்டாச் சொல்லச் சொல்லத்தான், தன்ர கண்தான் முடிஞ்சுது எண்டு விளங்கினதாம்.” சேலையொன்றை மடித்து வைத்தாள். “அப்பா அவ்வளவு சந்தோசமாச் சொன்னவர், அவருக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதை எண்டவ.”

நான் கட்டிலின் நுனியில் இருந்தேன்.

“அது புகார்தான், ஆரபி.”

“என்ன?”

“கடலை முழுக்கப் புகார் மூடியிருந்தது. எனக்கும் ஒண்டும் தெரியேல்லை. அங்கை நிண்ட ஒருத்தருக்கும் தெரியேல்லை.”

“அப்ப நீங்கள் சொன்ன தீவு?”

“அஞ்சலட்டையிலை இருந்ததைச் சொன்னனான்.”

அவள் எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். நான் தொலைபேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை. கைபிடியில் ஒரு கை, கழுத்தில் பச்சைச் சால்வை, சிரிப்பு. அவளுக்குப் பின்னால் வெறும் வெள்ளை. ஆரபி நெடுநேரம் பார்த்தாள்.

“இதையெண்டாலும் அம்மாவுக்குக் காட்டியிருக்கலாமே அப்பா. கிட்டப் பிடிச்சால் அவவுக்குத் தெரியும். கடைசிக் கிழமையும் என்ர மெசேச்சைத் தானே வாசிச்சுப் பதில் போட்டவ. அந்த வெள்ளையைக் கண்டிருந்தால் ஒரு நிமிசத்திலை விளங்கியிருக்கும்.”

“அவ பொய் சொன்னது எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சால் வெக்கப்படுவா எண்டு...”

“ஆருக்கு முன்னாலை? அங்கை சபையோ இருந்தது?”

நான் தொலைபேசிக்குக் கையை நீட்டினேன். அவள் அதைத் தராமல், படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“ரெண்டரை வருசம், அப்பா. திரையை மூடிக்கொண்டு. நான் ரெண்டு சம்மருக்கும் கூப்பிட்டனான்.”

அவள் அழவில்லை. மிச்ச உடுப்புகளை விரைவாக அடுக்கி முடித்தாள். ஒரு கிழமைக்கென்று வந்தவள் அடுத்த நாள் காலை ரயிலில் ஸ்தவாங்கருக்குத் திரும்பிப் போனாள். நிலையத்தில் நான் அவளுடைய பையைத் தூக்கப் போனேன், தானே தூக்குவதாகச் சொன்னாள்.

ஒன்பது நாள் தொலைபேசி வரவில்லை. பத்தாம் நாள் எடுத்தாள். சாப்பிட்டேனா, வெஸ்ட்லியில் பனி கொட்டுகிறதா, வாசலுக்கு உப்புப் போட்டார்களா என்று கேட்டாள். நான் சொன்னேன். பிறகு அன்று காலை உண்மையில் எப்படி இருந்தது என்று நான் விளங்கப்படுத்தத் தொடங்கினேன். வெயில் எப்படி விழுந்தது, பைன் மரங்கள் எப்படி நின்றன, அம்மா எவ்வளவு அமைதியாக நடந்து போனாள் என்று வந்துகொண்டிருந்தது. பாதியில் மறித்தாள்.

“பாருங்கோ, திரும்பவும் வடிவாக்கிறியள்.”

“இல்லைப் பிள்ளை, நான் வந்து...”

“கதைச்சால் உங்களுக்கு அப்பிடித்தான் வரும். கதைக்க வேண்டாம். எழுதுங்கோ. நடந்ததை நடந்த மாதிரி எழுதி எனக்கு அனுப்புங்கோ. அந்த ஸ்டேசனிலை நிண்டதையும் எழுதுங்கோ.”

ரயில் நிலையத்தில் கடல் தெரிந்ததை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஸ்டேசனில் என்ன என்று கேட்டேன்.

“ஏதோ இருக்கும். பன்ரெண்டு மணி ரெயினுக்கு அங்கை காத்துநிண்டதெண்டு அம்மா சொன்னவ. புகார் எந்த நேரமும் நிக்காதெல்லோ அப்பா” என்றாள்.